டெல்லியில ஒப்பந்தம் போட்டா நம்ம ஊருக்கு என்ன வரும்? நீங்களே கணக்கு போட்டுப் பாக்கறது எப்படி

பேப்பர்ல "அந்த நாட்டோட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்து, ஏற்றுமதி எகிறும்"னு செய்தி வந்துச்சுன்னா மறுநாளு காலையில மதுரைப் பக்கத்துக் கப்பலூர் தொழிற்பேட்டையில இருந்து எனக்கு ரெண்டு போனாவது வந்துரும். "தம்பி, நமக்கு இதுல என்னப்பா இருக்கு?" அம்புட்டுத்தான் கேள்வி. நான் எகனாமிக்ஸ் வாத்தியாரு இல்லைங்க, ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கு கஸ்டம்ஸ்ல குடுக்கறது), ஒரிஜின் சர்டிபிகேட் (சரக்கு இந்தியாவுல உருவானதுன்னு காட்டுறது, ஒப்பந்தச் சலுகைக்கு இது வேணும்), ஜிஎஸ்டி ரீஃபண்டுன்னு பேப்பர் வேலை பாத்துப் பொழைக்கிற ஆளு. ஆனா இதே கேள்விக்கு வருஷக்கணக்கா பதில் சொல்லிச் சொல்லி எனக்குன்னு ஒரு முறை பழகிப்போச்சு, அதை எழுதி வச்சுட்டா அடுத்த தடவை கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிவிட்டுட்டு நான் டீ குடிக்கப் போயிரலாம்.

விஷயம் என்னன்னா, ஒப்பந்தம் போடறது நாடும் நாடும், சரக்கு போறது ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு. அதனால "இந்தியாவுக்கு லாபமா"ன்னு கேக்கறது ஒரு கேள்வி, "மதுரைக்கு லாபமா"ன்னு கேக்கறது வேற கேள்வி. ரெண்டாவதுக்கு டிவி விவாதத்துல பதில் கிடைக்காது, நாமதான் உக்காந்து பாக்கணும்.

முதல்ல எங்க மாமா கதை. உசிலம்பட்டியில மளிகைக்கடை வச்சிருந்தாரு. ரோடு மோசமா இருந்த காலத்துல சுத்துப்பட்டு ஊர்க்காரங்க பூராம் அவர்கிட்டதான் சாமான் வாங்குவாங்க, ஏன்னா மதுரைக்கு வந்து போனா ஒரு நாள் பொழப்பு போயிரும். ரோடு நல்லா போட்டு, பஸ்ஸும் அடிக்கடின்னு ஆனதும் கல்யாணம் காட்சிக்கு மொத்தமா வாங்குறவங்க நேரா கீழமாசி வீதிக்கு வந்துட்டாங்க. மாமாகிட்ட அவசரத்துக்கு அரைக்கிலோ சீனி வாங்குற கூட்டம் மட்டும் மிஞ்சுச்சு. ரோடு வந்தது கெட்டதான்னா இல்ல, அதே ரோட்டுலதான் உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ வெள்ளன மாட்டுத்தாவணிக்கு வந்து நல்ல விலைக்குப் போகுது. பூக்காரருக்கு லாபம், மாமாவுக்கு நஷ்டம், ஒரே ரோடு.

பால் க்ருக்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியரு 1991ல இதைக் கணக்கா எழுதினாரு, 2008ல அவருக்கு நோபல் குடுத்தாங்க. சரக்கு கொண்டு போற செலவும் வரியும் ரொம்ப ஜாஸ்தியா இருந்தா ஊருக்கு ஊரு சின்னத் தொழில்கள் தப்பிச்சுக்கும், அது குறைய ஆரம்பிச்சதும் ஏற்கனவே ஆளு, சப்ளையரு, சந்தை எல்லாம் இருக்கற இடம் மத்த இடத்துத் தொழிலை இழுத்துக்கும். இன்னும் ரொம்பக் குறைஞ்சுருச்சுன்னா பெரிய ஊரு வாடகையும் சம்பளமும் தாங்காம திரும்ப வெளிய பரவவும் வாய்ப்பு இருக்குன்னு அவரும் அவருக்குப் பின்னாடி வந்தவங்களும் சொல்றாங்க. நம்ம ஊரு இதுல எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பாக்கறதுதான் நம்ம வேலை.

வெளிநாட்டு உதாரணம் வேணும்னா மெக்சிகோ. 1994 ஜனவரி 1ல அமெரிக்கா, கனடாவோட நாஃப்டா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு. ஃபேக்டரி எங்க வந்துச்சு? அமெரிக்க எல்லையை ஒட்டுன வடக்கு மாநிலங்கள்ல. தெற்க இருக்கற சியாபாஸ், ஒவஹாகா மாதிரி இடங்கள் பின்தங்கியே நின்னுச்சு, மலிவு மக்காச்சோளம் அமெரிக்காவுல இருந்து உள்ள வந்து அங்க உள்ள சின்ன விவசாயிகளுக்கு அடி வேற. ஒரே நாடு, ஒரே ஒப்பந்தம்.

நாட்டுக்குள்ளயும் இதான். 1950கள்ல இருந்து 1990கள் தொடக்கம் வரைக்கும் சரக்குக் கட்டணச் சமன்பாடுன்னு மத்திய அரசு ஒரு கொள்கை வச்சிருந்துச்சு, இரும்பு உருக்கு நாடு பூராம் ஏறக்குறைய ஒரே விலை, வண்டிக்கூலி வித்தியாசத்தை அரசாங்கம் சரிக்கட்டிரும். சுரங்கம் இருக்கற பீகார் பக்கம் ஃபேக்டரி வைக்க ஒரு காரணமே இல்லாமப் போச்சு, துறைமுகமும் சந்தையும் இருக்கற மாநிலங்க வளர்ந்துச்சு. நாம அந்த லாபம் பாத்த பக்கம்ங்கறதையும் ஒத்துக்கணும்ல.

சரி, வேலைக்கு வருவோம். உங்க பொருளுக்கு ஹெச்எஸ் கோடு, அதாவது கஸ்டம்ஸ்ல ஒவ்வொரு பொருளுக்கும் வச்சிருக்கற நம்பர், என்னன்னு கண்டுபிடிங்க. ஒப்பந்தத்துல "ரப்பர் பொருட்களுக்கு சலுகை"ன்னு எல்லாம் எழுத மாட்டாங்க, நம்பர்தான் இருக்கும். தீப்பெட்டின்னா 3605, பட்டாசு 3604, பூட்டு 8301, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி 3005, மிளகு 0904, பூ 0603. இந்த நம்பரை வச்சுத்தான் அந்த நாட்டு வரி அட்டவணையில இப்ப எம்புட்டு வரி, எந்த வருஷம் எம்புட்டு குறையுது, இல்ல விதிவிலக்குப் பட்டியல்ல தூக்கிப் போட்டுட்டாங்களான்னு பாக்க முடியும். பாதிப் பேரு இந்த ஒரு படியிலயே தப்பு பண்றாங்க.

என் கையால நடந்த தப்பையே சொல்றேன். நம்ம பக்கத்துல ரப்பர் பார்ட்ஸ் பண்ற ஒரு யூனிட், வண்டிக்குப் போடற சீல், கேஸ்கெட் எல்லாம் மலேசியாவுக்கு அனுப்புறாங்க. வண்டி பார்ட்ஸ்தானேன்னு அவங்க இன்வாய்ஸ்ல 8708னு போட்டு வச்சிருந்தாங்க, நானும் புதுசு, அப்படியே சர்டிபிகேட்டுக்கு ஏத்திட்டேன். வல்கனைஸ் பண்ண ரப்பர் சீலு வண்டிக்குப் போனாலும் 4016லதான் வரும், வண்டி பார்ட்ஸ் வர்ற பிரிவுல அதை வெளிய தள்ளி தனியா குறிப்பே எழுதி வச்சிருக்காங்க, அது எனக்கு அப்பத் தெரியாது. அங்க கஸ்டம்ஸ்ல நிறுத்திட்டாங்க. பையர் முழு வரியும் கட்டி சரக்கை எடுத்துட்டு, அந்தப் பணத்தை அடுத்த பில்லுல கழிச்சுட்டாரு. யூனிட் ஓனரு என்னைத் திட்டல, "சரி விடு, பழகிக்க"ன்னாரு, அதான் இன்னும் உறுத்துது.

கோடு சரின்னா அடுத்து, உங்க பொருளு "இந்தியப் பொருள்"தானாங்கற கணக்கு. மலேசியா மாதிரி தென்கிழக்கு ஆசிய நாடுகள் சேந்த ஆசியான் கூட்டமைப்போட போட்ட ஒப்பந்தம் 2010 ஜனவரி 1ல இருந்து நடைமுறையில இருக்கு, அதுல பொது விதி 35 சதவீதம் மதிப்பு இந்தியா, ஆசியான் நாடுகளுக்குள்ள உருவாகியிருக்கணும், அதோட வெளிய இருந்து வந்த மூலப்பொருளோட கோடு முதல் 6 இலக்கத்துல மாறியிருக்கணும். பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க. அந்த ரப்பர் சீலு விலை 100 ரூபான்னு வைங்க. கொரியாவுல இருந்து வந்த செயற்கை ரப்பர் 38, வெளிநாட்டுக் கெமிக்கல் 14, ஆக 52. மிச்சம் 48 நம்மது, கூலி, கரண்ட்டு, லாபம் எல்லாம் அதுல அடக்கம். 35க்கு மேல இருக்கு, ரப்பர் 4002ல இருந்து 4016க்கு மாறிருச்சு, பாஸ். இதே ஆளு ரெடிமேட் சீலை வெளிய இருந்து வாங்கி கவர் மாத்தி அனுப்புனா ஃபெயில். இதுல என்ன தெரியுதுன்னா, சுத்துவட்டாரத்துலயே மூலப்பொருள் கிடைக்கிற ஊருக்கு ஒப்பந்தம் ஈஸியா வேலை செய்யும், எல்லாத்தையும் வெளிய இருந்து வாங்கி ஒட்டுற ஊருக்கு அம்புட்டு சுளுவா வேலை செய்யாது.

அப்புறம் எதிர்ப்பக்கம் இருந்து என்ன உள்ள வரும்னு பாருங்க, இதை யாரும் பாக்கறதே இல்ல. தாண்டிக்குடி, சிறுமலைப் பக்கம் மிளகு போட்டிருக்கறவங்களைக் கேளுங்க. இலங்கையோட ஒப்பந்தம் 2000 மார்ச்சுல இருந்து இருக்கு, அதுல வருஷத்துக்கு 2,500 டன் மிளகு வரி இல்லாம உள்ள வரலாம். மத்த நாட்டு மிளகுக்கு வரி உசரம். அப்ப என்ன ஆகும்? வியட்நாம் மிளகு கொழும்புல எறங்கி இலங்கை மிளகாகி இங்க வருதுன்னு விவசாயிங்க கத்துனாங்க, கடைசியில 2017 டிசம்பர்ல கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழ இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு குறைஞ்சபட்ச விலை வச்சாங்க. சென்னையில மசாலாக் கம்பெனிக்கு மலிவு மிளகு லாபம், மலையில இருக்கறவருக்கு அதுவே நஷ்டம். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி தீப்பெட்டிக்காரங்களும் இப்படித்தான் சீன லைட்டர் வந்து நொந்து போனாங்க, 2023 ஜூன்ல 20 ரூபாய்க்குக் கீழ உள்ள லைட்டர் இறக்குமதிக்குத் தடை போட்ட பின்னாடிதான் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. அதனால உங்க கோடை ஏற்றுமதிக்கு மட்டும் பாக்காதீங்க, இறக்குமதி அட்டவணையிலயும் அதே நம்பரைத் தேடுங்க.

அடுத்தது தூரம். மல்லியை எடுத்துக்கங்க, இதுல கொஞ்சம் நிதானமா நிக்கணும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. அமீரகத்தோட போட்ட ஒப்பந்தம் 2022 மே 1ல நடைமுறைக்கு வந்துச்சு, அங்க பொதுவா இறக்குமதி வரியே 5 சதவீதம்தான். அதை முழுசா எடுத்தாலும் மல்லிக்கு என்ன ஆயிரும்? மொட்டு விடியக்காலம் பறிச்சாச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள விரிய ஆரம்பிச்சுரும். தெர்மோகோல் பெட்டியில ஐஸ் வச்சு அடுக்கி, டேப் சுத்தி, ப்ளைட்டுல ஏத்துற வரைக்கும் கடிகாரத்தோட சண்டை. மதுரையில இருந்து நேரா போற ப்ளைட்டுல எடம் இருந்தா பொழைச்சோம், இல்லைன்னா திருச்சிக்கோ கொச்சிக்கோ சென்னைக்கோ வண்டி கட்டணும், அந்த வண்டிக்கூலியும் வாடிப்போற பூவும் சேந்தா 5 சதவீதம்லாம் எங்கயோ போயிரும்.

இங்கதான் ஒரு சூட்சுமம். வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒண்ணு நம்ம ஊர்ல எறங்கணும்னா ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கற விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்துல மதுரை பேரு இருக்கணும். கொழும்புல இருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் வருது. வளைகுடா நாடு, சிங்கப்பூர் பட்டியல்ல எல்லாம் எங்க ஊரையும் சேருங்கன்னு இங்க உள்ள வர்த்தக சங்கங்க வருஷக்கணக்கா மனு குடுத்துக்கிட்டே இருக்காங்க. அப்ப மல்லிக்கு நெசமான ஒப்பந்தம் வரி ஒப்பந்தம் இல்ல, விமான ஒப்பந்தம். உங்க பொருளுக்கு எது நெசமான தடைன்னு கண்டுபிடிக்காம வரி குறைஞ்சதுக்கு வெடி போடாதீங்க.

தடைங்கறது கண்ணுக்குத் தெரியறது மட்டும் இல்ல. கனடாக்காரர் ஜான் மெக்கல்லம் 1995ல ஒரு கட்டுரை எழுதினாரு, 1988 கணக்கை வச்சு கனடா மாகாணங்க தங்களுக்குள்ள பண்ற வியாபாரம், அதே தூரம், அதே அளவு உள்ள அமெரிக்க மாநிலத்தோட பண்றதை விட 22 மடங்குன்னு கண்டுபிடிச்சாரு. பின்னாடி வந்தவங்க அம்புட்டு இல்லப்பான்னு குறைச்சுட்டாங்க, ஆனா எல்லைன்னு ஒண்ணு இருந்தா வியாபாரம் குறையும்ங்கறதை யாரும் மறுக்கல. ஒரே பாஷை பேசற, நல்ல ரோடு இருக்கற நாடுகளுக்கே இந்தக் கதி.

நம்மளுக்கு இது ஜிஎஸ்டியில தெரிஞ்சுச்சு. 2017 ஜூலை 1க்கு முன்னாடி குமுளி வழியா கேரளா போற லாரி செக்போஸ்ட்ல நின்னு பேப்பர் காட்டி சீல் வாங்கணும், வெளி மாநிலத்துக்கு வித்தா 2 சதவீதம் மத்திய விற்பனை வரி, அதை வாங்குறவரு தன் வரியில கழிச்சுக்கற கிரெடிட்டும் கிடையாது. அது போனதும் நம்ம ஆளுங்க கேரளாவுக்கு விக்கிறது சுளுவாச்சு. ஆனா இன்னொண்ணும் நடந்துச்சு, அந்த 2 சதவீதத்தைத் தவிர்க்கத்தான் பெரிய கம்பெனிங்க ஸ்டேட்டுக்கு ஒரு குடோன் வச்சிருந்தாங்க, வரி போனதும் நாலு குடோனைச் சேத்து ஒரே பெரிய குடோனாக்கிட்டாங்க. சின்ன ஊரு குடோன்ல மூட்டை தூக்குனவரு, கணக்கு எழுதுனவரு வேலை போச்சு. மாமா கடை கதைதான், பெரிய சைஸ்ல.

இனி வெளிநாட்டு முதலீடு. ரெண்டு ஜாதி இருக்கு இதுல. ஒண்ணு, வரிச்சுவரு உசரமா இருக்கேன்னு உள்ள குதிச்சு இங்கயே செஞ்சு இங்கயே விக்க வர்றவங்க. ஹூண்டாய் 1996ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தது, வியட்நாம் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில 2024ல அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்ட்ல ஃபேக்டரி திறந்தது, ரெண்டுக்கும் காருக்கு இருக்கற இறக்குமதி வரி ஒரு காரணம். இன்னொண்ணு, இங்க மலிவா செஞ்சு வெளிய அனுப்ப வர்றவங்க, செல்போன் அசெம்ப்ளி மாதிரி. ஒப்பந்தம் போட்டு வரியைக் குறைச்சா முதல் ஜாதி குறையலாம், ரெண்டாவது கூடலாம். 2004ல தாய்லாந்தோட 82 பொருளுக்கு முன்கூட்டியே வரி குறைச்சாங்க, கலர் டிவி அதுல ஒண்ணு, அப்புறம் இங்க செய்யறதை விட அங்க செஞ்சு கொண்டு வர்றது மலிவுன்னு ஆகிப்போச்சு. அதனால "ஒப்பந்தம் வந்தா முதலீடு வரும்"னு பொத்தாம்பொதுவா சொல்றவங்களைப் பாத்தா எந்த ஜாதி முதலீடுன்னு கேளுங்க.

மதுரைக்கு வெளிநாட்டு முதலீடு புதுசும் இல்ல. 1870கள்ல ரயிலு தூத்துக்குடி வரைக்கும் வந்துச்சு, 1892ல ஹார்வி சகோதரர்கள் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலயே மில்லு கட்டுனாங்க, பின்னாடி மதுரா கோட்ஸ் ஆச்சு. கரிசல் பருத்தி இந்தப் பக்கம், துறைமுகம் அந்தப் பக்கம், நடுவுல ரயிலு. இன்னைக்கும் முதலீடு வருமான்னு பாக்க இதே மூணைத்தான் நான் பாப்பேன்: மூலப்பொருளோ ஆளோ இங்க இருக்கா, துறைமுகம் எம்புட்டு நேரம், நடுவுல என்ன இழுபறி. தமிழ்நாட்டு 2021 தொழில் கொள்கையில மாவட்டங்களை ஏ, பி, சின்னு பிரிச்சு, மதுரையை சியில வச்சு சலுகை ஜாஸ்தி பண்ணிருக்காங்க. நல்லதுதான், ஆனா சப்ளையரு பூராம் சென்னைப் பக்கத்து ஒரகடத்துல இருந்தா சலுகை மட்டும் இழுத்துட்டு வராது.

முதலீட்டுப் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது ஏமாந்துராதீங்க. மத்திய அரசு 2019 அக்டோபர்ல இருந்து மாநில வாரியா போடற கணக்குல மகாராஷ்டிரா மட்டும் கிட்டத்தட்ட 30 சதவீதம். மும்பையில ஹெட் ஆபீஸ் இருக்கற கம்பெனி வேற மாநிலத்துல ஃபேக்டரி கட்டுனாலும் பணம் மும்பைக் கணக்குல ஏறிரும். எந்த நாட்டுல இருந்து வந்துச்சுங்கறதும் அப்படித்தான், மொரீஷியஸ் ரொம்ப வருஷம் முன்னணியில நின்னதுக்குக் காரணம் அவய்ங்க பணக்காரங்கங்கறது இல்ல, அந்த வழியா வந்தா வரி மிச்சமாகற மாதிரி இருந்த வரி உடன்படிக்கை. அதை 2016ல திருத்தி 2017 ஏப்ரல்ல இருந்து மாத்துனாங்க. ஐரோப்பாவுல சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நாலும் சேந்து இந்தியாவோட போட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1ல ஆரம்பிச்சுச்சு, 15 வருஷத்துல 100 பில்லியன் டாலர் முதலீடுன்னு இலக்கு. எந்த மாவட்டத்துக்குன்னு அதுல ஒரு வரி இருக்காது, இருக்கவும் முடியாது.

ஏற்றுமதிக் கணக்குல நம்ம தப்பும் இருக்கு. ஷிப்பிங் பில்லுல சரக்கு எந்த மாவட்டத்துல உருவாச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு. ஏஜென்ட் பையன் அவசரத்துல தூத்துக்குடின்னோ சென்னைன்னோ தட்டி விட்டுருவான், யாரும் கண்டுக்கறது இல்ல, ஏன்னா அதனால வரியோ ரீஃபண்டோ மாறாது. ஆனா மதுரைச் சரக்கு வேற மாவட்டக் கணக்குல ஏறிரும், அப்புறம் "உங்க மாவட்டத்துல ஏற்றுமதியே இல்லையே, எதுக்கு கார்கோ வசதி"ன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? அடுத்த தடவை செக்லிஸ்ட் வந்ததும் அந்தக் கட்டத்தை ஒரு தடவை கண்ணால பாருங்க, ரெண்டு செகண்டு வேலை.

கடைசியா விலை. இறக்குமதி வரியைக் கட்டறது அந்த ஊரு பையரு, நீங்க இல்ல. வரி 5ல இருந்து சைபர் ஆனா அந்த 5 முதல்ல அவரு பாக்கெட்டுலதான் விழும். போன மாசம் ஒரு அண்ணன் துபாய்க்கு அனுப்புற சரக்குக்கு சர்டிபிகேட் போட வந்தாரு, மூணு வருஷமா போட்டுக் குடுக்கறாரு, விலை மட்டும் பழைய விலை.

"அண்ணே, இந்தப் பேப்பர் அவருக்கு 5 சதவீதம் மிச்சம் பண்ணிக் குடுக்குது, தெரியுமா?"

"அவரு எதுவும் சொல்லலையேப்பா."

"அவரு எதுக்குண்ணே சொல்லப் போறாரு? 2 சதவீதம் ஏத்திக் கேளுங்க."

அங்கயே உக்காந்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டாரு. ஒண்ணரைக்கு ஒத்துக்கிட்டாரு பையரு.